பிறகு வருக: மின்னஞ்சலில் தற்காலிக மறுப்பின் வரலாறு

மின்னஞ்சல் அனுப்புநரின் கணினியிலிருந்து பெறுநரின் கணினிக்கு நேரே சென்று சேர்வதில்லை; அனுப்புநர் சார்பில் ஒரு மெயில் சர்வரும் பெறுநர் சார்பில் மற்றொரு மெயில் சர்வரும் இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு, ஒன்று கட்டளையிட மற்றொன்று விடையளிக்க, படிப்படியாக நடக்கும் ஓர் உரையாடலின் முடிவிலேயே அது கைமாறுகிறது. எஸ்.எம்.டி.பி. எனப்படும் இந்த உரையாடல் நெறிமுறையில் பெறும் சர்வர் தரும் ஒவ்வொரு விடையும் மூன்றிலக்க எண் ஒன்றில் தொடங்குகிறது. அவ்வெண்ணின் முதல் இலக்கம் 2 ஆயின் கட்டளை நிறைவேறியது என்றும், 3 ஆயின் மேற்கொண்டு தரவேண்டியதைத் தருக என்றும், 4 ஆயின் இப்போது இயலாது, பிறகு வருக என்றும், 5 ஆயின் இதே கோரிக்கையோடு மீண்டும் வரவேண்டாம் என்றும் பொருள். நான்குக்கும் ஐந்துக்கும் இடையிலான இந்த வேறுபாடு, அடிக்கடி பழுதடைந்த கணினிகளை மனத்தில் கொண்டு 1970-களில் வகுக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, அஞ்சல் கொண்டுவரும் சர்வர் முறையானதுதானா என்று சோதிக்கும் வேலைக்கு அது எடுத்தாளப்பட்டது. கிரேலிஸ்டிங், அதாவது சாம்பல் பட்டியல் முறை, என்று பெயர் பெற்ற அந்தச் சோதனையின் வரலாற்றில் மறுத்த சர்வர்களைக் காட்டிலும், மறுக்கப்பட்டபோது என்ன செய்வதென்று அறிந்திருந்த சர்வர்களுக்கும் அறியாதிருந்த சர்வர்களுக்குமே பெரிய இடம் உண்டு.

எண்ணால் விடையளிக்கும் வழக்கம் மின்னஞ்சலுக்கெனத் தோன்றியதன்று. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியில் இயங்கிய அர்ப்பாநெட் வலையமைப்பில், கோப்புகளைப் பரிமாற எழுதப்பட்ட எஃப்.டி.பி. நெறிமுறையில்தான் அது உருப்பெற்றது. 1970-களில் மின்னஞ்சல் தனக்கென ஒரு நெறிமுறை இல்லாமல், அந்தக் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் கட்டளைகளைக் கொண்டே அனுப்பப்பட்டு வந்தமையால், அதன் எண்களும் பின்னர் மின்னஞ்சலுக்கு வழிவழிச் சொத்தாக வந்து சேர்ந்தன. 1974 ஜூன் மாதத்தில் ஜான் போஸ்டல் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 640 என்னும் ஆவணம் அந்த எண்களைச் சீர்திருத்தி, ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனிப் பொருள் தந்தது. இணையத்தின் நெறிமுறைகளும் பரிந்துரைகளும் எண்ணிடப்பட்டு வெளிவரும் தொடரே ஆர்.எஃப்.சி. எனப்படுகிறது. எண்ணைப் படிப்பது நிரல், எண்ணுக்குப் பின்வரும் ஆங்கில வாசகத்தைப் படிப்பவர் மனிதர் என்பதும், மிக எளிய நிரல்கூட முதல் இலக்கம் ஒன்றை மட்டும் பார்த்து அடுத்து என்ன செய்வதென்று தீர்மானிக்க முடியவேண்டும் என்பதும் அவ்வமைப்பின் அடிப்படை எண்ணங்களாகும். பிற்காலத்தில் நிகழ்ந்த அனைத்துக்கும் வேர் இங்கேதான் உள்ளது: ஒரு நிரலின் நடத்தை முழுவதையும் ஒற்றை இலக்கத்தால் மாற்ற முடியும் என்னும் ஏற்பாடு அப்போதே நிலைபெற்றுவிட்டது.

மின்னஞ்சலுக்கெனத் தனி நெறிமுறை வகுக்கும் முயற்சி 1980 செப்டம்பரில் சுசான் ஸ்லூசரும் போஸ்டலும் எழுதிய ஆர்.எஃப்.சி. 772-இல் தொடங்கி, 1982 ஆகஸ்டில் போஸ்டல் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 821-இல் நிலையான வடிவம் பெற்றது. அந்த ஆவணத்தில் 421 என்பது சேவை தற்போது இல்லை, இணைப்பு மூடப்படுகிறது என்பதையும், 450 என்பது அஞ்சல்பெட்டி இப்போது பயன்பாட்டில் சிக்கியிருப்பதால் எடுத்துக்கொள்ள இயலவில்லை என்பதையும், 451 என்பது பெறும் கணினியில் நேர்ந்த பிழையையும், 452 என்பது வட்டில் இடம் போதாமையையும் குறித்தன. 550 என்பதோ அப்படியோர் அஞ்சல்பெட்டியே இல்லை என்பது போன்ற முடிவான மறுப்பு. தற்காலிகம் என்னும் சொல்லுக்கு இருவேறு இடங்களில் உள்ள கணினிகள் ஒரே பொருள் கொள்ளுமாறு செய்வது கடினம் என்பதைப் போஸ்டல் ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டார். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று அவர் வரையறுக்கவில்லை; மாறாக, கட்டளையின் வடிவத்திலோ இரு தரப்புகளின் தன்மையிலோ எந்த மாற்றமும் செய்யாமல் அதே கட்டளையைத் திரும்ப அனுப்பினால் வெற்றி கிடைக்கக்கூடுமாயின் அது 4-இல் தொடங்கும் விடை என்றும், இல்லையேல் 5-இல் தொடங்கும் விடை என்றும் ஒரு கட்டைவிரல் விதியைத் தந்து, முதல் வகை விடை பெற்ற சர்வர் மீண்டும் முயல வேண்டும் என்று ஊக்கப்படுத்தினார். நேரத்தைக் கூறாமல் விட்டது குறைபாடுபோல் தோன்றினும், அந்த இடைவெளியே பிற்காலத்தில் பலவகைப் பழக்கங்கள் வளர இடம் தந்தது என்பதையும், சாம்பல் பட்டியல் முறையின் வலிமையும் நலிவும் அந்த இடைவெளியிலிருந்தே பிறந்தன என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

பிறகு வருக என்ற விடையை மதிப்பதற்கு ஒரு நிரலிடம் சில உடைமைகள் இருந்தாக வேண்டும். அஞ்சலைத் தொலைக்காமல் வட்டில் பத்திரப்படுத்த இடம், எந்த அஞ்சல் எங்கே எப்போது மறுக்கப்பட்டது என்ற பதிவு, அடுத்த முறை எப்போது செல்வது என்ற கணக்கு, இறுதியில் கைவிட நேர்ந்தால் அனுப்புநருக்கு அறிவிக்கும் பொறுப்பு ஆகிய இவை நான்கும் சேர்ந்ததையே மெயில் சர்வரின் வரிசை என்று அத்துறையினர் வழங்குகின்றனர். பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதி 1980-களில் யூனிக்ஸ் கணினிகளோடு உலகெங்கும் பரவிய சென்ட்மெயில், இந்த வரிசையைத் தனிக் கோப்பகமொன்றில் வைத்துக் குறித்த இடைவெளிகளில் அதனை முழுவதும் திரும்பப் பார்த்துவந்தது. அக்காலத்தில் கணினிகள் செயலிழப்பதும் தொலைபேசி இணைப்புகள் அறுபடுவதும் அன்றாட நிகழ்ச்சிகளாதலால், வரிசையில்லாத அஞ்சல் நிரல் என்பது எண்ணிப் பார்க்கவும் இயலாத ஒன்றாக இருந்தது. 1989 அக்டோபரில் ராபர்ட் பிராடன் தொகுத்த ஆர்.எஃப்.சி. 1123 இந்த அனுபவத்தை விதியாக்கியது: ஒரே இடத்துக்கு மறுமுயற்சி செய்யும் இடைவெளி குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும் என்றும், கைவிடுவதற்கு முன் பொதுவாக 4 முதல் 5 நாள் வரையாவது முயல வேண்டும் என்றும், பெரும்பாலான தோல்விகள் தற்காலிகமானவை என்பதால் முதல் ஒரு மணி நேரத்தில் இரு முறை முயன்று பின்னர் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை என்று தளர்த்திக்கொள்வது நல்லது என்றும் அது கூறிற்று.

இந்த ஒழுங்குக்கு வெளியே நின்றவர்கள் வேண்டாத விளம்பர அஞ்சல் அனுப்பியவர்கள். 1978 மே 3 அன்று டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துர்க், அர்ப்பாநெட்டில் ஏறத்தாழ நானூறு பேருக்கு அனுப்பிய விளம்பரமே இவ்வகையில் முதலாவது என்று கொள்வர்; ஆனால் ஸ்பேம் எனப்படும் இது தொல்லையாகப் பெருகியது இணையம் 1990-களில் பொதுமக்கள் கைக்கு வந்த பின்னரே. 1997-இல் பால் விக்சி முதலியோர் தொடங்கிய கறுப்புப் பட்டியல், தொல்லை தரும் கணினிகளின் ஐ.பி. முகவரிகளைத் தொகுத்து, அவற்றிலிருந்து வருவதை வாசலிலேயே மறுக்க வழிசெய்தது. 2002 ஆகஸ்டில் பால் கிரகாம் வெளியிட்ட கட்டுரை, சொற்களின் நிகழ்தகவைக் கொண்டு அஞ்சலின் உள்ளடக்கத்தைத் தரம்பிரிக்கும் முறையைப் பரவலாக்கியது. முதலாவது முறையில் பட்டியலில் ஏறும்வரை புதிய முகவரியைத் தடுக்க இயலாது. இரண்டாவது முறையிலோ அஞ்சலை முழுதும் பெற்று ஆராய்ந்த பின்னரே முடிவு செய்ய இயலும் என்பதால், சர்வரின் உழைப்பும் இணைப்பின் கொள்ளளவும் ஏற்கெனவே செலவாகியிருக்கும். 2003-ஆம் ஆண்டில் சோபிக் போன்ற புழுக்கள், வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருந்த விண்டோஸ் கணினிகளைக் கைப்பற்றி, ஒவ்வொன்றிலும் தமக்கெனச் சிறிய அஞ்சல் நிரலொன்றைப் பொருத்திக்கொண்டு அஞ்சல்களைக் கொட்டத் தொடங்கியபோது, கறுப்புப் பட்டியலால் எட்டிப்பிடிக்க முடியாத வேகத்தில் புதிய முகவரிகள் தோன்றலாயின. அந்தச் சிறு நிரல்கள் விரைவுக்காகவே எழுதப்பட்டவை. இலட்சக்கணக்கான முகவரிகளில் சில ஆயிரம் தவறினும் அவற்றை ஏவியவர்களுக்கு இழப்பில்லை. எனவே வரிசை, பதிவு, மறுமுயற்சி என்னும் சுமைகளை அவை ஏற்கவில்லை. எய்த அம்பைப் போல ஒரு முறை பாய்வதே அவற்றின் இயல்பு.

அந்த இயல்பையே கண்ணியாக மாற்றலாம் என்பதை விரிவாக எழுதி, இயங்கும் நிரலோடும் காட்டியவர் இவான் ஹாரிஸ். 2003-ஆம் ஆண்டின் நடுவில் அவர் வெளியிட்ட கட்டுரை, அனுமதிக்கப்பட்டோரின் வெள்ளைப் பட்டியலுக்கும் விலக்கப்பட்டோரின் கறுப்புப் பட்டியலுக்கும் இடையில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டியலை வைத்தது. ஒரு சர்வர் அஞ்சலோடு வரும்போது அதன் உள்ளடக்கம் கைமாறுவதற்கு முன்பே மூன்று செய்திகள் தெரிந்துவிடுகின்றன: இணைப்பு எந்த ஐ.பி. முகவரியிலிருந்து வருகிறது, அனுப்புநர் என்று உறையில் குறிக்கப்பட்டவர் யார், பெறுநர் என்று குறிக்கப்பட்டவர் யார். உறை என்பது இங்கே அஞ்சலின் மேல்தலைப்பில் வாசகர் காணும் பெயர்களைக் குறிக்காமல், சர்வர்கள் தமக்குள் அறிவித்துக்கொள்ளும் முகவரிகளைக் குறிக்கிறது. இம்மூன்றும் சேர்ந்த மும்மையை இதற்கு முன் கண்டதில்லையாயின் 4-இல் தொடங்கும் எண்ணை விடையாகத் தந்து அனுப்பிவிட்டு, நேரத்தைக் குறித்துவைத்துக்கொள்வதும், குறித்த காலம் கழிந்த பின் அதே மும்மை மீண்டும் வந்தால் தடையின்றி ஏற்பதுமே முறையின் முழுமையும் ஆகும். அஞ்சலின் ஒரு சொல்லையும் அது படிப்பதில்லை. எந்தக் கருத்தையும் எந்த மொழியையும் ஐயுறுவதில்லை. உள்ளடக்கத்தை ஆராயும் வடிகட்டிகள் ஆங்கிலமல்லாத அஞ்சல்களிடம் அடிக்கடித் தடுமாறிய காலத்தில் இந்த நடுநிலை சிறிய நன்மையன்று.

ஹாரிஸ் தேர்ந்த கால அளவுகள் எவ்வளவு நுணுக்கமாக எண்ணிப் பார்க்கப்பட்டவை என்பது கவனிக்கத்தக்கது. முதல் மறுப்புக்குப் பின் ஒரு மணி நேரம் வரை வரும் மறுமுயற்சிகள் ஏற்கப்படமாட்டா. நான்கு மணி நேரத்துக்குள் திரும்பி வராத மும்மையின் பதிவு அழிக்கப்படும். ஒரு முறை தேறிய மும்மை 36 நாள் வரை வெள்ளைப் பட்டியலில் இருக்கும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை என்பதுபோல் மாதம் ஒருமுறை வரும் அறிவிப்பு மடல்கள் சில மாதங்களில் 35 நாள் இடைவெளியில் வரக்கூடும் என்பதால், அவை ஒவ்வொரு மாதமும் புதிதாகத் தாமதிக்கப்படாமல் இருக்க 36 என்ற எண் பொருந்துகிறது. ஒரு மணி நேரத் தாமதத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது: ஸ்பேம் அனுப்புவோர் மறுமுயற்சி செய்யக் கற்றுக்கொண்டாலும், அந்த ஒரு மணி நேரத்துக்குள் அவர்களுடைய ஐ.பி. முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறிவிட வாய்ப்புண்டு என்று அவர் கருதினார். தம் சோதனையில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஸ்பேம் தடுக்கப்பட்டதாக அவர் தெரிவித்தார்.

அனுப்புநர் முகவரி வெறுமையாக வரும் அஞ்சல்களிலும் அவர் கருத்துச் செலுத்தினார். சேராமல் திரும்பும் அஞ்சலின் அறிவிப்புகள் முடிவற்ற சுழலில் சிக்காதிருக்க, அவற்றின் உறையில் அனுப்புநர் இடம் காலியாகவே விடப்படும். அதே வெற்று முகவரியைப் பயன்படுத்தித்தான் சில சர்வர்கள், தமக்கு வந்த அஞ்சலின் அனுப்புநர் உண்மையில் இருக்கிறாரா என்று அவருடைய சர்வரிடமே இணைப்பெடுத்துக் கேட்டுப் பார்த்தன. சாம்பல் பட்டியல் அந்தக் கேள்வியையும் தற்காலிகமாக மறுக்குமாயின், சோதிக்கும் சர்வரும் சோதிக்கப்படும் சர்வரும் ஒன்றையொன்று காத்து நிற்க நேரும். வெற்று அனுப்புநருக்கு மட்டும் மறுப்பைப் பெறுநர் கட்டத்தில் சொல்லாமல், அஞ்சலின் உள்ளடக்கம் தொடங்கும் கட்டம் வரை தள்ளிப்போட்டால், கேட்டுப் பார்க்க மட்டும் வந்த சர்வர் விடை பெற்றுப் போய்விடும் என்பது அவர் கண்ட தீர்வு. இத்தகைய நுட்பங்கள்தாம் அம்முறையைப் பிறர் நம்பி ஏற்கச் செய்தன.

மறுக்கப்பட்ட சர்வர்கள் எவ்வாறு நடந்துகொண்டன என்பதே இந்த வரலாற்றின் வளமான பகுதி. டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய க்யூமெயில், அஞ்சல் வரிசையில் சேர்ந்த நேரத்திலிருந்து எண்ணி, முயற்சி எண்ணின் வர்க்கத்தை 400 நொடிகளால் பெருக்கி அடுத்த முயற்சியின் நேரத்தைக் கணக்கிடுகிறது. அதன்படி வெளியூர் சர்வருக்கான மறுமுயற்சிகள் 6 நிமிடம் 40 நொடி, 26 நிமிடம் 40 நொடி, 1 மணி, 1 மணி 46 நிமிடம் 40 நொடி என்று விரிந்துகொண்டே போகும். ஏழு நாள் வரை முயன்ற பின்னரே அது கைவிடும். ஹாரிசின் ஒரு மணி நேர எல்லையைச் சந்தித்தபோது, அதன் மூன்றாம் மறுமுயற்சி எல்லைக்கோட்டின்மேலேயே வந்து விழுந்ததால், சில நொடிகள் முந்தியதற்காக மறுக்கப்பட்டு மேலும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேரும் வாய்ப்பிருந்தது. வீட்ஸ வெனமா எழுதி 1998-இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ், தள்ளிவைக்கப்பட்ட அஞ்சல்களைத் தனி வரிசையில் வைத்து, அஞ்சலின் வயது கூடக் கூட இடைவெளியையும் ஏறத்தாழ இரட்டித்துச் செல்கிறது. மிகக் குறைந்த இடைவெளி தொடக்கத்தில் 1000 நொடியாக இருந்து, 2007-இல் வெளிவந்த 2.4-ஆம் பதிப்பில் 300 நொடியாகக் குறைக்கப்பட்டது, மிக அதிக இடைவெளி 4000 நொடி. கேம்பிரிட்ஜில் பிலிப் ஹேசல் 1995-இல் எழுதத் தொடங்கிய எக்ஸிம், தன் இயல்பு அமைப்பில் முதல் இரண்டு மணி நேரத்துக்கு 15 நிமிடத்துக்கு ஒரு முறையும், பின்னர் 16 மணி நேரம் வரை ஒன்றரை மடங்காக வளரும் இடைவெளிகளிலும், அதன் பின் நான்கு நாள் முடியும்வரை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையும் முயல்கிறது. ஒரே விடைக்கு மூன்று நிரல்கள் மூன்று விதமாகக் காத்திருந்தன. போஸ்டல் நேரத்தைக் கூறாது விட்டதன் விளைவு இதுவே.

எக்ஸிமின் வரலாற்றில் நேர்ந்த ஒரு மாற்றம் தனியே சொல்லத்தக்கது. பெறுநர் முகவரி ஒன்று 4-இல் தொடங்கும் விடையால் மறுக்கப்பட்டால், அந்தப் பெறுநருக்கு அடுத்து எப்போது முயல்வது என்பதை அது தன் தரவுத்தளத்தில் பெறுநர் பெயரிலேயே குறித்துவைத்து வந்தது. அஞ்சல்பெட்டி நிரம்பியிருப்பதோ பழுதாகியிருப்பதோ காரணமாயின் இது முற்றிலும் அறிவார்ந்த முறை. யார் அனுப்பினும் அப்பெட்டி ஏற்கப்போவதில்லை என்பதால் வீண் முயற்சி தவிர்க்கப்படும். சாம்பல் பட்டியலிலோ மறுப்பு பெறுநரைப் பற்றியதன்று, மூன்றும் சேர்ந்த மும்மையைப் பற்றியது. ஆகவே ஒருவர் அனுப்பிய அஞ்சல் மறுக்கப்பட்டதன் பொருட்டு, அதே பெறுநருக்கு வேறொருவர் அனுப்பிய அஞ்சலும் முயற்சியே செய்யப்படாமல் வரிசையில் கிடந்தது; முயற்சி செய்யப்படாததால் அவருடைய மும்மை பதிவாகவும் இல்லை; பின்னர் முயன்றபோது அது புதிய மும்மையாகி மீண்டும் மறுக்கப்பட்டது. இதனைத் தீர்க்க, எக்ஸிமின் பிந்திய பதிப்புகள் அனுப்புநரையும் பெறுநரையும் சேர்த்தே காத்திருப்புப் பதிவை எழுதுமாறு மாற்றப்பட்டன. நெறிமுறையில் ஒரு சொல்லும் மாறாமல், பெறும் பக்கத்தில் தோன்றிய ஒரு பழக்கம் அனுப்பும் பக்கத்து நிரலின் உள்ளமைப்பையே மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

முறையான சர்வர்கள் என்று கருதப்பட்டவற்றிலும் குறையுடையவை பல இருந்தன என்பது சாம்பல் பட்டியல் வந்த பிறகே வெளிப்பட்டது. சில, 4-க்கும் 5-க்கும் வேறுபாடு காணாமல், தற்காலிக மறுப்பைப் பெற்றதுமே அஞ்சல் சேரவில்லை என்று அனுப்புநருக்குத் திருப்பியனுப்பின. சில, வரிசையே இல்லாத இணையதள நிரல்களாக இருந்து ஒரு முறை முயன்றதோடு நின்றுவிட்டன. சில, ஒவ்வொரு முயற்சிக்கும் அனுப்புநர் முகவரியில் புதியதோர் எண்ணைச் சேர்த்தமையால் எத்தனை முறை வந்தாலும் புதியவையாகவே காணப்பட்டன. இவற்றில் பயணச்சீட்டு, வங்கிக் கணக்கு முதலிய முக்கியச் செய்திகளை அனுப்பும் பெருநிறுவனங்களின் சர்வர்களும் அடக்கம் என்பதால், சோதனையின்றி அனுமதிக்க வேண்டிய முகவரிகளின் பட்டியல் ஒன்று சாம்பல் பட்டியல் நிரல்களோடு சேர்த்தே வழங்கப்பட்டது. பக்கத்திலேயே குறை என்ன என்று சிறுகுறிப்போடு நீண்டுகொண்டே போன அந்தப் பட்டியல், இருபது ஆண்டுகளாக எழுத்தில் இருந்த விதியை எத்தனை பேர் படிக்காமலே நிரல் எழுதினர் என்பதற்கு நேரடியான ஆவணமாக அமைந்தது.

முறை விரைவாகப் பரவியது. 2004-இல் சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷ்வைக்கர்ட் போஸ்ட்ஃபிக்ஸுக்காக எழுதிய போஸ்ட்கிரே, ஒரு மணி நேரத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்தது. ஒரு முறைக்கு மேல் முயலாத நிரலுக்கு ஐந்து நிமிடமும் ஐந்து நாளும் ஒன்றே என்பதால், இது நேர்மையான அனுப்புநரின் துன்பத்தைக் குறைத்ததேயன்றிப் பயனைப் பெரிதும் குறைக்கவில்லை. ஐந்து முறை தேறிய சர்வரை அதன் பிறகு சோதிப்பதே இல்லை என்னும் ஏற்பாடும் அதில் இருந்தது. சென்ட்மெயிலுக்கு இமானுவேல் டிரைஃபஸ் எழுதிய மில்டர் கிரேலிஸ்ட் அதே ஆண்டில் தோன்றியது. 2004 மே மாதம் வெளிவந்த ஓப்பன்பி.எஸ்.டி. 3.5 இயங்குதளத்தில் பாப் பெக் சேர்த்த ஏற்பாடு இவையெல்லாவற்றினும் கடுமையானது: அறிமுகமற்ற சர்வர்களை உண்மையான மெயில் சர்வரிடம் அணுகவிடாமல், ஸ்பேம்டி என்னும் காவல் நிரலிடம் நெருப்புச்சுவரே திருப்பிவிட, அந்த நிரல் நொடிக்கு ஓர் எழுத்தாக மெல்ல விடையளித்து, இறுதியில் 451 என்று சொல்லி அனுப்பியது. யாரும் பயன்படுத்தாத பொறி முகவரிகளுக்கு அஞ்சல் கொண்டுவந்த சர்வரை ஒரு நாள் முழுதும் அங்கேயே சிக்கவைக்கும் வசதியும் பின்னர் சேர்ந்தது.

எந்த எண்ணைச் சொல்வது என்பதில் இந்நிரல்கள் ஒன்றுபடவில்லை. போஸ்ட்கிரே 450 என்றது, ஸ்பேம்டி 451 என்றது. அனுப்பும் நிரலுக்கு முதல் இலக்கமே போதுமாதலால் நடைமுறையில் இது பெரிதாகத் தோன்றவில்லை. ஆயினும் 451 என்பது பெறும் கணினியில் பிழை நேர்ந்ததாக அறிவிக்கும் எண். அப்படியொரு பிழையும் நேராதபோது அதனைச் சொல்வது நெறிமுறையின் சொற்களைப் பொய்யாக்குவதாகும் என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. எண்ணைத் தொடரும் வாசகத்தில், இது சாம்பல் பட்டியலின் தாமதம், இத்தனை நொடி கழித்து வருக என்று வெளிப்படையாக எழுதிய நிரல்களே இவ்வகையில் பாராட்டத்தக்கன. மறுக்கப்பட்ட சர்வரின் பதிவேட்டைப் புரட்டும் நிர்வாகிக்கு அந்த ஒற்றை வரி பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தியது.

நலிவு இரு பக்கங்களிலிருந்து வந்தது. ஸ்பேம் அனுப்புவோரில் ஒரு பகுதியினர் மறுமுயற்சியைக் கற்றுக்கொண்டனர். கெலிஹாஸ் போன்ற கைப்பற்றப்பட்ட கணினிக் கூட்டங்கள் மறுக்கப்பட்ட அஞ்சலோடு திரும்பி வந்தன. ஆயினும் இதனைவிடப் பெரிய அடி, நேர்மையான அனுப்புநர்கள் மாறியதனால் விழுந்தது. ஒரு நிறுவனத்துக்கு ஒரு மெயில் சர்வர் என்ற நிலை போய், கோடிக்கணக்கான பயனர்களின் அஞ்சலைச் சில பெருநிறுவனங்கள் நூற்றுக்கணக்கான சர்வர்களின் தொகுதியிலிருந்து அனுப்பத் தொடங்கியபோது, முதல் முயற்சி ஒரு ஐ.பி. முகவரியிலிருந்தும் மறுமுயற்சி வேறொன்றிலிருந்தும் வந்தன. மும்மையின் முதல் உறுப்பே நிலைகுலைந்தது. முகவரியின் கடைசிப் பகுதியை விட்டுவிட்டு 256 முகவரிகள் கொண்ட தொகுதியாகக் கருதுவதும், இந்தத் தளத்தின் அஞ்சல் இந்த சர்வர்களிலிருந்தே வரும் என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப். பதிவைப் பார்த்து அனுமதிப்பதும் ஒட்டுப்போட்ட தீர்வுகளாக வந்தன. கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் சில நிமிடங்களில் காலாவதியாகும் ஒருமுறைக் குறியீடும் மின்னஞ்சலில் வரத் தொடங்கிய பின்னர், கால்மணி நேரத் தாமதம்கூடப் பயனரால் பொறுக்க முடியாததாயிற்று.

2011 ஜனவரியில் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் 2.8, போஸ்ட்ஸ்கிரீன் என்னும் பகுதியைச் சேர்த்தது. சர்வர் வாழ்த்துச் சொல்லி முடிக்கும் முன்பே முந்திப் பேசுகிறதா என்பது போன்ற சோதனைகளால் சில நொடிகளில் தரம்பிரிக்கும் அது, ஆழமான சோதனைகளை இயக்கினால் மட்டும், தேறிய சர்வருக்கும் 450 சொல்லி மீண்டும் வரச் செய்கிறது. 2012 ஜூனில் முர்ரே குசெராவியும் டேவ் குரோக்கரும் எழுதிய ஆர்.எஃப்.சி. 6647, அதுவரை எழுதப்படாத வழக்கமாக இருந்த சாம்பல் பட்டியலுக்கு இலக்கணம் வகுத்தது: மறுமுயற்சியை ஏற்கும் காலம் இயல்பாக ஒரு நிமிடத்திலிருந்து 24 மணி நேரம் வரை இருக்க வேண்டும், தேறியவரின் பதிவு குறைந்தது ஒரு வாரம் காக்கப்பட வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளில் சில. ஹாரிசின் ஒரு மணி நேரம் ஒரு நிமிடமாகவும் நான்கு மணி நேரம் ஒரு நாளாகவும் மாறியிருப்பதில், ஒன்பது ஆண்டுகளில் கற்ற பாடம் முழுவதும் அடங்கியுள்ளது: விரைந்து திரும்புபவரைத் தண்டிக்கவும் கூடாது, தாமதித்துத் திரும்புபவரை மறக்கவும் கூடாது.

சாம்பல் பட்டியல் தன் காவலின் செலவைப் பிறர் வரிசைகளின்மேல் சுமத்தியது என்ற விமர்சனம் உண்மையானது. ஒவ்வொரு புதிய கடிதத்தொடர்பின் முதல் அஞ்சலும், உலகில் எங்கோ ஒரு நேர்மையான சர்வரின் வட்டில் சில நிமிடமேனும் கிடந்தே வந்தது. ஆனால் அதே முறைதான், ஏட்டில் மட்டும் இருந்த மறுமுயற்சி விதியை நடைமுறையில் சோதித்து, அதனைப் பின்பற்றாத சர்வர்களை ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்து திருத்தச் செய்தது என்பதால், தடுத்த ஸ்பேமைவிடத் திருத்திய நிரல்களின் பொருட்டே அது நினைக்கப்படத் தகும். 1989-இல் எழுதப்பட்ட 30 நிமிடம், 4 முதல் 5 நாள் என்ற அளவுகளை 2008 அக்டோபரில் ஜான் கிளென்சின் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 5321 மாற்றாமல் வைத்திருக்கிறது. இணையதளங்களிலிருந்தும் செயலிகளிலிருந்தும் நேரடியாக அஞ்சல் அனுப்பும் நிரல்களை எழுதுவோர், 4-இல் தொடங்கும் விடையைத் தோல்வி என்று பதிந்துவிட்டு நகராமல், அஞ்சலை முறையான வரிசையுள்ள ஒரு மெயில் சர்வரிடம் ஒப்படைத்து, அது ஐந்து நாள் காத்திருக்கவும் அனுமதிக்க வேண்டும்.